உஷார்! இரைப்பையைச் சுருக்கிக்கொண்டு வீடு திரும்புகிறவர்களே...

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவர் மூன்றாவது, நான்காவது வாரத்தில் வாந்தி எடுக்கத் தொடங்கினால் நம் வீடுகளில் என்ன நடக்கும்? முதல் நாள் சீரகத் தண்ணீர். மறுநாள் இஞ்சிச் சாறு. “ஆபரேஷன் பண்ணின வயிறு, கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும்” என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்வார்கள். நாலைந்து நாளில் அவர் எழுந்து நிற்க முடியாமல் தள்ளாடினால், ஆட்டோவில் ஏற்றித் தெருமுனைக் கிளினிக்குக்கு அழைத்துப் போவோம். “ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்துங்க டாக்டர், தெம்பு வந்துடும்” என்போம்.

உஷார்! அந்த ஒரு பாட்டில் குளுக்கோஸ் தனியாக உடம்பில் இறங்கினால், அவருடைய மூளையே பாதிக்கப்படலாம். நேராக நடக்க முடியாமல், காலையில் நடந்தது மாலையில் நினைவில்லாமல், மிச்ச வாழ்நாளை அவர் கழிக்க நேரலாம். இது எங்கோ ஒருவருக்கு நடந்த அதிசயம் என்று நினைக்க வேண்டாம். இந்த அறுவை சிகிச்சை நடக்கும் பல நாடுகளிலும் மருத்துவர்கள் திரும்பத் திரும்பப் பதிவு செய்திருக்கும் விபத்து இது. முழுக்கத் தடுக்கக்கூடியது என்பதால்தான் இவ்வளவு பதற்றத்தோடு எழுதுகிறேன்.

காரணம் எளிது. தயமின் எனப்படும் வைட்டமின் பி1-ஐ நம் உடம்பு அதிகம் சேமித்து வைப்பதில்லை. உணவு வழியாக வருவது நின்றுபோனால் இரண்டு, மூன்று வாரங்களில் கையிருப்பு காலி. சர்க்கரையை எரித்து ஆற்றலாக மாற்ற மூளைக்கு இந்த பி1 கட்டாயம் வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு சாப்பாடோ சொற்பம். அதோடு வாந்தியும் சேர்ந்தால் உள்ளே போவது எதுவும் தங்குவதில்லை. அப்படி பி1 வற்றிக் கிடக்கும் உடம்பில் திடீரென்று குளுக்கோஸை ஏற்றினால், ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சநஞ்ச பி1-ம் அதை எரிப்பதிலேயே செலவாகிவிடுகிறது. மூளையின் நடுப்பகுதியில் கண் அசைவு, நடை, நினைவு ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ளும் இடங்கள் அடிபடுகின்றன. இதற்கு வெர்னிக்கி என்செஃபலோபதி என்று பெயர். ஜெர்மன் மருத்துவர் கார்ல் வெர்னிக்கி இதை 1881-ல் விவரித்தார்.

பார்வை இரண்டு இரண்டாகத் தெரிவது, கண் நிலைகொள்ளாமல் துடிப்பது, நடக்கும்போது கால் அகலமாக வைத்துத் தள்ளாடுவது, பேச்சில் குழப்பம், என்ன கிழமை என்று கேட்டால் விழிப்பது — இவைதான் அடையாளங்கள். எல்லாம் சேர்ந்து வரும் என்று காத்திருக்காதீர்கள். பலருக்கு ஒன்றோ இரண்டோதான் தெரியும். உரிய நேரத்தில் தயமின் ஊசி போட்டால் மிகப் பெரும்பாலும் மீட்டுவிடலாம். தாமதித்தால், புதிதாக எதையும் மனதில் நிறுத்த முடியாத நிரந்தர மறதி நோயில் போய் முடியலாம். அந்த ஊசி விலை உயர்ந்ததும் இல்லை, கிடைக்காததும் இல்லை. யாருக்கும் தோன்றுவதில்லை, அதுதான் சிக்கல். மருத்துவக் கல்லூரியில் இந்த நோயை மதுவுக்கு அடிமையானவர்களோடு சேர்த்துத்தான் பாடம் நடத்துகிறார்கள். முப்பது வயதுக் குடும்பப் பெண் ஒருவர் வாந்தியோடு வந்தால் அந்தக் கோணத்தில் சந்தேகம் எழுவதே அரிது.

இதில் நம் சமூகத்துக்கு ஒரு பழைய தொடர்பு உண்டு. நூறாண்டுகளுக்கு முன் மலாயாவில் இதே பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய், தீட்டிய பச்சரிசி உண்ட தொழிலாளர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களுக்கோ அது அபூர்வமாகவே வந்தது. அவர்கள் சாப்பிட்டது புழுங்கல் அரிசி. நெல்லை அவிக்கும்போது பி1 அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடுகிறது. பிராடன், பிளெட்சர் போன்ற ஆங்கிலேய மருத்துவர்கள் அதைக் கவனித்து எழுதி வைத்தார்கள். அப்படித் தற்காத்துக்கொண்ட வம்சத்துக்கு, லட்சக்கணக்கில் செலவழித்துச் செய்துகொண்ட அறுவை சிகிச்சையால் அதே குறைபாடு வரலாமா?

ஆகவே இந்த ஒரு வாக்கியத்தை வீட்டில் எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: “இவருக்கு எடைக் குறைப்பு ஆபரேஷன் நடந்திருக்கிறது, இத்தனை நாளாக வாந்தி, குளுக்கோஸ் போடுவதற்கு முன் தயமின் ஊசி போடுங்கள்.” எந்த மருத்துவமனைக்குப் போனாலும், யார் ஊசியோடு வந்தாலும் சொல்லுங்கள். இரண்டு நாளுக்கு மேல் வாந்தி நிற்கவில்லை என்றால் அறுவை செய்த மருத்துவரிடமே போங்கள். வாந்திக்குக் காரணமும் இருக்கும். இரைப்பையில் எங்காவது குறுகல் விழுந்திருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் வாந்தி மாத்திரையால் அடக்கிக்கொண்டே போவது ஆபத்து.

இதையெல்லாம் படித்துவிட்டு அறுவை சிகிச்சையே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உடல் பருமன் சோம்பேறித்தனத்தின் தண்டனை அல்ல, நோய். தேவையானவர்களுக்கு இந்த அறுவை சிகிச்சை உயிரைக் காக்கிறது. ஸ்வீடனில் 1987-ல் தொடங்கி நாலாயிரம் பேருக்கு மேல் ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வு, அறுவை செய்துகொண்டவர்களிடம் மரண அபாயம் ஏறத்தாழ 29 சதவீதம் குறைந்திருந்ததாக 2007-ல் சொன்னது. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம், தூக்கத்தில் மூச்சுத் திணறல் எல்லாம் பலருக்கு அடங்குகின்றன. காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையத்தின் விதி இப்போது, உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, 35 அல்லது அதற்கு மேல் இருந்து கடுமையான துணை நோய்களும் இருந்தாலோ, மற்ற வழிகள் பலிக்காதபோது இதற்குக் காப்பீடு தர வழி செய்கிறது. கதவு திறந்ததில் தவறில்லை. ஆனால், அதே வேகத்தில் விளம்பரங்களும் வந்துவிட்டன. “மூணு நாள்ல வீட்டுக்கு, ஒரு வாரத்துல ஆபீஸுக்கு” என்கிறார்கள். மூன்று நாளில் வீட்டுக்குப் போகலாம் என்பது உண்மைதான். அந்த வீட்டில்தான் அதற்குப் பிறகான வருடங்கள் காத்திருக்கின்றன. அங்கே நர்ஸ் இல்லை, மானிட்டர் இல்லை. அம்மா இருக்கிறார், மனைவி இருக்கிறார், கணவர் இருக்கிறார். அவர்களிடம் யாரும் எதையும் சொல்லி அனுப்புவதில்லை. என் கோபமெல்லாம் இதன் மேல்தான்.

அதனால் நானே சொல்கிறேன்: முதல் இரண்டு வாரத்தில் நாடியைப் பாருங்கள். கட்டாயம் பாருங்கள். ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கும் மேல் வெட்டி எடுத்து, மிச்சத்தை ஸ்டேப்ளரால் நீளவாக்கில் மூடுகிறார்கள். இரைப்பை பைபாஸில் 30 மில்லி கொள்ளும் சின்னப் பை ஒன்றை உண்டாக்கி, அதைச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். மூடிய இடமோ இணைத்த இடமோ துளியளவு விட்டுக்கொடுத்தால் உள்ளே கசிவு தொடங்கும். இது நூற்றில் ஓரிருவருக்கு நேரக்கூடியது, ஆனால் நேர்ந்தால் மணிக்கணக்கில் உயிருக்குப் போராட்டமாகிவிடும். வயிறு வலிக்கும் முன்பே இதயம் படபடக்கத் தொடங்கும். ஓய்வாகப் படுத்திருக்கும்போது நாடி நிமிடத்துக்கு 120-ஐத் தாண்டினால், காய்ச்சல் இருக்கிறதோ இல்லையோ, அது அவசரநிலை. மூச்சு வாங்குவது, இடது தோளுக்கு ஏறும் வலி, காரணம் தெரியாத பயமும் தவிப்பும் கூட இதன் அறிகுறிகளே. லேப்ராஸ்கோப்பிக்காக வயிற்றில் செலுத்திய வாயுவால் முதல் ஓரிரு நாள் தோள்பட்டை வலிப்பது வழக்கம்தான். அது நாளுக்கு நாள் குறையும். கசிவின் வலி கூடிக்கொண்டே போகும். இந்த வித்தியாசத்தை யாரும் எடுத்துச் சொல்லாததால், “வாயு பிடிச்சிருக்கு” என்று ஓமத் தண்ணீரும் பெருங்காயமும் கோலி சோடாவும் கொடுத்து ஒரு ராத்திரியை வீணாக்கிவிடுகிறோம். புதுத் தையல் போட்ட இரைப்பைக்கு சோடா கூடவே கூடாது.

இன்னொரு பக்கம் காலில் ரத்தம் உறைவது. “ரெஸ்ட் எடு, நடக்காதே, தையல் பிரிஞ்சிடும்” என்று படுக்கையிலேயே வைத்துப் பார்ப்பதை அன்பு என்று நினைக்கிறோம். படுத்தே கிடந்தால் கெண்டைக்காலில் ரத்தம் கட்டி, அது நகர்ந்து நுரையீரலை அடைக்கலாம். வீட்டுக்குப் போன பிறகு இறப்பவர்களிடம் முக்கியக் காரணங்களில் ஒன்று இது. அறுவை நடந்த அன்றே எழுந்து நடக்கச் சொல்கிறார்கள் அல்லவா? வீட்டிலும் மணிக்கொரு முறை நடக்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, திடீரென்று மூச்சுத் திணறினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். உறவினருக்குப் போன் செய்து கருத்துக் கேட்கிற நேரம் அதுவல்ல.

முதல் மாதத்தில் திரும்ப மருத்துவமனையில் சேர்பவர்களில் பலர் நீர் வறட்சியால்தான் வருகிறார்கள். ஒரு செம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துப் பழகியவர்களுக்கு இனி அது முடியாது. வாய் வாயாக, நாள் முழுக்க, மொத்தம் ஒன்றரை லிட்டருக்குக் குறையாமல் உள்ளே போக வேண்டும். நம் ஊர்ச் சித்திரை வைகாசியில் அதற்கும் மேல். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை.

சாப்பாட்டில் நம் பழக்கம் எதிரியாக நிற்கும் இடங்கள் பல. உடம்பு சரியில்லாதவருக்குக் கஞ்சி கொடுப்பது நமக்கு இயல்பு. ஆனால், அரிசிக் கஞ்சி மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் புரதம் கிடைக்காது. ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும் என்று கணக்குச் சொல்கிறார்கள். ஒரு முட்டையில் 6 கிராம்தான் இருக்கிறது. ஒரு டம்ளர் பாலில் 6, 7 கிராம். சைவம் மட்டும் உண்பவர்கள் ரசத்தையும் மோரையும் நம்பி அந்தக் கணக்கை எட்ட முடியாது, புரதப் பொடி இல்லாமல் முதல் மாதங்கள் நகராது. புரதம் குறைந்தால் கொழுப்புக்குப் பதிலாகச் சதை கரையும். எடை காட்டும் கருவியில் எண் இறங்கும், எல்லோரும் சந்தோஷப்படுவார்கள், ஆனால் அவரால் மாடிப்படி ஏற முடியாது. எடை இறங்கினால் மட்டும் போதும் என்று மயங்காதீர்கள்.

முதல் இரண்டு வாரம் நீர் ஆகாரம், பிறகு மசித்தது, ஒரு மாதத்துக்கு மேல் ஆனதும் மெல்ல மெல்லத் திட உணவு என்று டயட்டீஷியன் தருகிற அட்டவணையைத் தாண்டி “ஒரு வாய் பிரியாணி ஒண்ணும் பண்ணாது” என்று யாராவது ஊட்டினால் அந்தக் கையைத் தடுத்துவிடுங்கள். ஆறாத தையலில் அது போய் அடைக்கும். ஆறிய பின்னும் பரோட்டா, காய்ந்த சப்பாத்தி, நாரான கறி எல்லாம் நெஞ்சில் நின்றுவிடும். சாப்பாட்டுக்கு நடுவே தண்ணீர் குடிக்கக் கூடாது, முடித்து அரை மணி நேரம் ஆக வேண்டும். பைபாஸ் செய்தவர்கள் அல்வாவோ பாயசமோ சாப்பிட்டால் அரை மணி நேரத்துக்குள் வியர்த்து, படபடத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுக்க வேண்டி வரும். சிலருக்கு ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை அதலபாதாளத்துக்கு இறங்கி மயக்கம் வரும். வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போது அப்படி வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் நின்று “மூட்டு வலிக்கு ஒரு மாத்திரை குடுங்க” என்று கேட்கும் பழக்கத்தை அறுவைக்கு முன்பே விட்டுவிட வேண்டும். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வகை வலி மாத்திரைகள் பைபாஸில் இணைத்த இடத்தில் புண்ணை உண்டாக்கும். அந்தப் புண் ரத்தம் கக்க வைக்கும், ஓட்டை போடும். புகைப்பதும் அதே வேலையைச் செய்யும். வலிக்குப் பாரசிட்டமால் போதும். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்திவிடாமல் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

சர்க்கரை மாத்திரையும் இன்சுலினும் எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு இன்னும் அவசரமான எச்சரிக்கை. பலருக்கு எடை குறைவதற்கு முன்பே, சில நாட்களிலேயே சர்க்கரை அளவு இறங்கிவிடும். பழைய அளவிலேயே இன்சுலினைத் தொடர்ந்தால் தாழ்சர்க்கரையில் நினைவு தப்பும். டபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் வேறு விதத்தில் ஆபத்து. சாப்பாடு மிகக் குறைவாக இருக்கும் நாட்களில் இவற்றை எடுத்தால், சர்க்கரை அளவு சாதாரணமாகக் காட்டும்போதே ரத்தத்தில் அமிலம் ஏறிவிடலாம். வாந்தி, மூச்சிரைப்பு, அசதி என்று வரும். சர்க்கரை நார்மல் என்று பார்த்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ரத்த அழுத்த மாத்திரையும் அப்படியே. எழுந்தால் கண் இருட்டுகிறது என்றால் மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டிய நேரம் வந்திருக்கலாம். பழைய மருந்துச் சீட்டு இனி செல்லாது. புதிதாக எழுதி வாங்குங்கள்.

இரும்புச் சத்து, பி12, கால்சியம், வைட்டமின் டி எல்லாம் ஆயுள் முழுக்க. முடி மூன்றாம் மாதம் கொத்துக் கொத்தாகக் கொட்டும், பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் திரும்ப வளரும். வேகமாக இளைப்பதால் பித்தப்பையில் கல் விழலாம், அதைத் தடுக்க ஆறு மாதம் மாத்திரை தருவதுண்டு.

ஆனால், இளம் பெண்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பி.சி.ஓ.டி. இருக்கிறது, குழந்தை தள்ளிப்போகிறது, எடை குறைந்தால் கரு நிற்கும் என்று இந்த அறுவைக்கு வருகிறவர்கள் நம்மிடையே நிறைய. எடை குறையத் தொடங்கியதும் கருமுட்டை வளர்ச்சி சீராகி, எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமே கரு தங்கிவிடும். ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் வரை கர்ப்பம் கூடாது என்கிறது மருத்துவம். தாயின் உடம்பே சத்துக்கு ஏங்கிக்கொண்டிருக்கும் காலம் அது. மசக்கை வாந்தியும் சேர்ந்துகொண்டால் நான் மேலே சொன்ன பி1 ஆபத்து இரட்டிப்பாகிறது. பைபாஸ் செய்தவர்கள் கருத்தடை மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது, அது சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம். “கல்யாணமாகி அஞ்சு வருஷமாச்சு, இன்னும் என்ன காத்திருக்கிறது” என்று மாமியார் கேட்டால், பதில் சொல்ல வேண்டியது கணவர்.

பைபாஸ் செய்தவர்களுக்கு வருடங்கள் கழித்தும் ஒரு கண்ணி இருக்கிறது. குடலை இடம் மாற்றிக் கோத்ததில் உள்ளே சில இடைவெளிகள் உண்டாகின்றன. கொழுப்பு கரையக் கரைய அவை அகலும். அதற்குள் குடல் நழுவி முறுக்கிக்கொள்ளலாம். சாப்பிட்டதும் மேல் வயிற்றில் சுருட்டிப் பிடிக்கும், கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும். “கேஸ்” என்று மாத்திரை போடுவார்கள். ஸ்கேனில் கூடச் சில நேரம் ஒன்றும் தெரியாது. ஒரு நாள் விடாமல் பிடித்தால் சில மணி நேரத்தில் குடல் அழுகிவிடும். எத்தனை வருடம் ஆகியிருந்தாலும், திரும்பத் திரும்ப வரும் வயிற்று வலிக்கு இந்த அறுவையில் அனுபவமுள்ள மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியைப் படம் எடுத்து உங்கள் போனிலும் வீட்டில் இன்னொருவர் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். எந்த வகை அறுவை, எந்தத் தேதி என்று தெரியாமல் நள்ளிரவில் எந்த மருத்துவராலும் சரியாக முடிவெடுக்க முடியாது.

இதுவரை சொன்னதெல்லாம் உடம்பு. இனிச் சொல்லப் போவதை நம் வீடுகளில் பேசவே மாட்டோம்.

முதல் ஆறு மாதம் கொண்டாட்டமாக இருக்கும். வாரத்துக்கு வாரம் எடை இறங்கும், பழைய சட்டை தொளதொளக்கும், அலுவலகத்தில் பாராட்டுவார்கள். அதே நாட்களில் உள்ளுக்குள் ஒரு துக்கமும் நடக்கும். கவலை வந்தால், கோபம் வந்தால், தனிமை வந்தால் கைக்கு எட்டிய ஒரே ஆறுதலாக இருந்த சாப்பாடு போய்விட்டது. அதற்குப் பதிலாக எதையும் யாரும் தரவில்லை. பந்தியில் உட்கார முடியாது. உட்கார்ந்தால் “இலையில எல்லாத்தையும் வெச்சுட்டு எழுந்திரிக்கிறியே” என்பார்கள். விருந்தோம்பலே உறவு என்று வளர்ந்த ஊரில், சாப்பிட முடியாதவர் எல்லா விசேஷத்திலும் அந்நியராக நிற்கிறார். மூன்றாம் மாதத்தில் காரணமில்லாமல் அழுதால், “இவ்வளவு செலவு பண்ணி ஆபரேஷன் பண்ணினோம், இன்னும் என்ன அழுகை” என்று கேட்கிறோம். அப்படிக் கேட்காதீர்கள்.

இளைத்த பிறகு கேட்கும் பேச்சு வேறு. “என்னம்மா இப்படிக் கன்னமெல்லாம் ஒட்டிப் போச்சு, சுகரா?” “ஏதாவது பெரிய வியாதியா?” அறுவையை மறைத்தவர்களுக்கு இது நரகம். கல்யாணம் நின்றுவிடுமோ, புகுந்த வீட்டில் தெரிந்துவிடுமோ என்று ஒளித்து வைப்பவர்கள், வாந்தி வந்தாலும் ஒளிக்கிறார்கள், மாத்திரையையும் ஒளிக்கிறார்கள், உதவியும் கேட்பதில்லை. வீட்டில் ஒருவருக்காவது முழு உண்மை தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் யாரும் இந்த அறுவைக்குப் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இளைத்த உடம்பிலும் தோல் தொங்கும். வயிறு, கை, தொடை, மார்பு. கற்பனை செய்த உடம்பு கண்ணாடியில் வராது. எடை பாதியாகக் குறைந்த பிறகும் கடையில் பெரிய அளவுத் துணியையே தேடி எடுப்பவர்கள் இருக்கிறார்கள், மனதுக்குள் இருக்கும் உருவம் அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. கணவன் மனைவி உறவும் ஆட்டம் காணும். ஸ்வீடனில் 2018-ல் வெளியான ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களிடம் புதிய திருமணங்களும் கூடியிருந்தன, மணமுறிவும் கூடியிருந்தது. ஒருவர் மாறும்போது அடுத்தவர் பயப்படுகிறார். அந்தப் பயம் சந்தேகமாகவும் குத்தலாகவும் வெளியே வருகிறது.

ஒன்றரை வருடத்துக்கு மேல் எடை இறங்குவது நிற்கும். பலருக்குக் கொஞ்சம் ஏறும். அது இயற்கை, தோல்வி அல்ல. ஆனால் அந்த நேரத்தில் மருத்துவமனையிலிருந்து போன் வருவது நின்றுபோயிருக்கும், பாராட்டும் நின்றுபோயிருக்கும், பழைய கிண்டல் திரும்ப வந்துவிடுமோ என்ற பீதி பிடித்துக்கொள்ளும். மது உள்ளே நுழைவதும் இந்தக் காலத்தில்தான். அறுவைக்குப் பிறகு, முக்கியமாக பைபாஸுக்குப் பிறகு, மது மிக வேகமாக ரத்தத்தில் ஏறுகிறது. முன்பு இரண்டு குடித்து வந்த போதை இப்போது ஒன்றிலேயே வரும். அமெரிக்காவில் பல மருத்துவமனைகளை இணைத்து நடந்த ஆய்வு, குடிப் பழக்கக் கோளாறு இரண்டாம் ஆண்டில் அதிகரிக்கத் தொடங்குவதாக 2012-ல் சொன்னது. அதே ஆய்வின் தொடர்ச்சி, பைபாஸ் செய்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு ஐந்தாண்டுகளுக்குள் அந்த அறிகுறிகள் வந்ததாக 2017-ல் சொன்னது. குடித்தே பழகாதவர்களும் அதில் உண்டு.

இதைவிடக் கனமான எண்களும் இருக்கின்றன. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இந்த அறுவை செய்துகொண்ட 8,815 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2016-ல் வெளியிட்டார்கள். தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டு அவசர சிகிச்சைக்கு வருவது, அறுவைக்கு முந்தைய மூன்றாண்டுகளைவிடப் பிந்தைய மூன்றாண்டுகளில் ஏறத்தாழ 50 சதவீதம் அதிகம். அதிலும் பெரும்பாலானவை இரண்டாம், மூன்றாம் ஆண்டில். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நடந்த ஆய்வும் 2007-ல் இதே திசையில் பேசியது. அறுவை செய்துகொண்டவர்களிடம் மொத்த மரணம் 40 சதவீதம் குறைவு, ஆனால் விபத்தும் தற்கொலையும் அடங்கிய மரணங்கள் மட்டும் அதிகம். எண்ணிக்கையாகப் பார்த்தால் இப்படித் தவறுகிறவர்கள் மிகச் சிலர்தான். இதயத்தைக் காப்பாற்றிவிட்டு மனதைக் கைவிட்டோம் என்ற குற்றம் அந்தச் சிலர் விஷயத்தில் நம் எல்லோர் மீதும் விழுகிறது.

மனச்சோர்வுக்கு ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். குடல் மாறியதால் பழைய மாத்திரை பழைய அளவில் வேலை செய்யாமல் போகலாம், முக்கியமாக மெதுவாகக் கரையும் வகை. மனநல மருத்துவரிடம் அறுவையைப் பற்றிச் சொல்லி, அளவைத் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள். அறுவைக்குக் கையெழுத்துப் போடுமுன் மருத்துவமனையில் கேளுங்கள்: மூன்றாம் வருடம் என்னைப் பார்ப்பது யார்? உளவியலாளரை எத்தனை முறை பார்க்கலாம், அது பேக்கேஜில் சேர்ந்ததா? இதற்குத் தெளிவாகப் பதில் சொல்லாத இடத்தில் அறுவை செய்துகொள்ளாதீர்கள், கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

வீட்டில் இருப்பவர்களே, எடை எவ்வளவு என்று கேட்பதை ஆறு மாதத்துக்காவது நிறுத்துங்கள். தூக்கம் வருகிறதா, யாரிடமாவது பேசினாயா, இன்று மனசு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். இரண்டாம் வருடமும் கேளுங்கள், மூன்றாம் வருடமும் கேளுங்கள். பேச்சில் “நான் இருந்து என்ன ஆகப் போகுது” என்ற தொனி வந்தால் சமாதானம் சொல்லி மூடிவிடாமல், பக்கத்தில் உட்கார்ந்து முழுதாகக் கேளுங்கள். அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தமிழக அரசின் உதவி எண் 104, மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 — இரண்டு எண்களும் இலவசம், இரண்டிலும் தமிழில் பேசலாம், நள்ளிரவிலும் எடுப்பார்கள்.